ஹைப் ஏறின இண்டி ஆல்பத்தையும் உள்ளூர் பேண்டையும் சொந்தக் காதால கேக்குறது எப்படி

பெரிய மியூசிக் கம்பெனி பின்னணி இல்லாத ஒரு இண்டி ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாகும், ஞாயித்துக்கிழமைக்குள்ள "இந்த பத்து வருஷத்துக்கே இதான் ஆல்பம்"னு நாலு பேர் எழுதிருப்பாங்க, நீங்க ஹெட்ஃபோனை மாட்டிட்டு கேட்டா ஒண்ணுமே ஒட்டாது. அப்ப ரெண்டு விதமா தப்பு நடக்கும். ஒண்ணு, நமக்குத்தான் புரியல போலன்னு கும்பலோட கோவிந்தா போட்டு நாமளும் மாஸ்டர்பீஸ்னு சொல்லிடுறது. இன்னொண்ணு, எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்கங்கிற கடுப்புலயே ஓவர்ரேட்டட்னு ஒரு வார்த்தைல முடிச்சிடுறது. ரெண்டுலயுமே பாட்டை யாரும் கேக்கல, மத்தவங்க பேசினதைத்தான் கேட்டிருக்காங்க. நானும் இந்த ரெண்டையும் வருஷக்கணக்கா பண்ணிருக்கேன். அதுல இருந்து என்னை வெளிய இழுத்தது உள்ளூர்ல சின்ன ஹால்ல நடக்குற ஷோக்கள்தான், ஏன்னா அங்க படிக்கிறதுக்கு ரிவ்யூ கிடையாது, மார்க் கிடையாது, பத்தடி தூரத்துல நாலு பேர் வாசிக்கிறாங்க, பிடிச்சிருக்கா இல்லையான்னு நம்ம காதேதான் சொல்லணும். அதனால ஆல்பம் கேக்குறதையும் ஷோ பாக்குறதையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல ஹைப் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா அதுக்கப்புறம் அது மேல கோபமே வராது. 2006ல மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளருங்க சேர்ந்து ஒரு சோதனை வெளியிட்டாங்க. யாருக்கும் தெரியாத பேண்டுங்களோட 48 பாட்டு, கேக்க வந்தவங்க 14,000 பேருக்கு மேல. கொஞ்சம் பேருக்கு வெறும் பாட்டு மட்டும் காட்டினாங்க, மத்தவங்கள எட்டு தனித்தனி கூட்டமா பிரிச்சு அந்தந்த கூட்டத்துல எந்த பாட்டை எத்தனை பேர் டவுன்லோட் பண்ணிருக்காங்கங்கிற எண்ணிக்கையையும் சேர்த்து காட்டினாங்க. எண்ணிக்கை தெரிஞ்ச கூட்டங்கள்ல ஹிட்டு பெரிய ஹிட்டாச்சு, ஆனா கூட்டத்துக்கு கூட்டம் ஹிட்டான பாட்டே வேற வேற. தனியா கேட்டவங்க நடுவாந்திரமா 26வது இடத்துல வச்ச ஒரு பாட்டு ஒரு கூட்டத்துல முதல் இடம், இன்னொரு கூட்டத்துல 40வது இடம். ரொம்ப நல்ல பாட்டு படுமோசமா போனது அபூர்வம், ரொம்ப மோசமான பாட்டு மேல வந்ததும் அபூர்வம், நடுவுல இருக்கிறதெல்லாம் யார் முதல்ல கை தட்டினாங்கங்கிறதைப் பொறுத்துதான் இருந்துச்சு. ஹைப் ஏறின ஆல்பம் முக்காவாசி அந்த நடுவுலதான் இருக்கும்ங்கிறது என் கருத்து, மோசமும் இல்ல, அதிசயமும் இல்ல.

இதுக்கு மேல இன்னொரு விஷயம். ரிவ்யூ எழுதுறவங்களுக்கு ஆல்பம் முன்கூட்டியே வந்துடும், ஆனா குறிச்ச தேதிக்கு முன்னாடி வெளியிடக்கூடாதுன்னு நிபந்தனை இருக்கும், அதனால எல்லா ரிவ்யூவும் ஒரே நேரத்துல வந்து விழும், பாக்குறவங்களுக்கு ஊரே ஒரே குரல்ல பேசுற மாதிரி இருக்கும். எழுதினவரு அதை கெடுவுக்குள்ள சில தடவதான் கேட்டிருப்பாரு. அந்த மார்க் ஒண்ணும் கல்வெட்டு இல்ல. பத்துக்கு இவ்ளோன்னு மார்க் போடுற பிட்ச்ஃபோர்க்ங்கிற இசை ரிவ்யூ தளம் 2021ல தன்னோட பழைய ரிவ்யூ 19க்கு புது மார்க் போட்டுச்சு, அதுல லிஸ் ஃபேர்ங்கிற பாடகி 2003ல போட்ட ஆல்பத்துக்கு முன்னாடி குடுத்தது 0.0, திருத்தி குடுத்தது 6.0. ஆல்பம் அப்படியேதான் இருக்கு, கேட்டவங்கதான் மாறிருக்காங்க.

சரி, இனி கேக்குற வேலை. ஆல்பம் வர்ற வாரம் அதைப் பத்தி எதையும் படிக்காதீங்க, பேண்ட் பேரை மியூட் பண்ணிடுங்க, முழுசா ரெண்டு தடவ கேட்டு முடிக்கிற வரைக்கும் மார்க்கும் பாக்காதீங்க. முதல் தடவ வரிசை மாத்தாம ஒரே உக்காருல, வேற வேலை எதுவும் இல்லாம. ரெண்டாவது தடவ அடுத்த நாள், முடிஞ்சா வேற சாதனத்துல, அதாவது முதல்ல ஹெட்ஃபோன்னா அடுத்தது ஸ்பீக்கர். அப்புறம் ரெண்டு நாள் அதைத் தொடவே தொடாதீங்க. அந்த ரெண்டு நாள்ல உங்களை அறியாம எந்த ட்யூன் வாய்ல வருது, எந்த இடம் ஞாபகத்துல நிக்குதுன்னு கவனிங்க, அதை எழுதி வச்சுட்டு மறுபடி கேளுங்க. நான் பாத்த வரைக்கும் முதல் நாள் வாய் பிளந்து கேட்ட விஷயமும் மூணாவது நாள் மனசுல நின்ன விஷயமும் ஒண்ணா இருந்ததே இல்ல.

சத்தம் விஷயத்துல ஜாக்கிரதை. ரெண்டு ஆல்பத்தை ஒப்பிடுறப்ப எது கொஞ்சம் சத்தமா ஓடுதோ அதுதான் நல்லாருக்கிற மாதிரி தோணும், சத்தம் குறையுறப்ப காதுக்கு பேஸ் அதிகமா அடிபட்டுப் போகும்னு 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிட்டாங்க. ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ல எல்லா பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்கு கொண்டு வர்ற செட்டிங் இருக்கு, அது ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. ஒண்ணு ஆப்ல இன்னொண்ணு ஃபைலா வச்சிருந்தா வால்யூமை நீங்களே காதால சரிசமமா கொண்டு வாங்க.

அடுத்தது, கேட்டதை மூணா பிரிக்கணும், பாட்டு, சவுண்டு, கதை. பாட்டுன்னா ட்யூனும் வரியும் தாளமும். சவுண்டுன்னா ரிவெர்ப்ங்கிற எதிரொலி, டேப்போட கரகரப்பு, தூரத்துல இருந்து வர்ற குரல், அந்த மாதிரி. கதைன்னா இதை யார் எந்த நெலமைல பண்ணாங்கங்கிறது. இண்டி ரெக்கார்டுல ஹைப் அதிகமா ஒட்டுறது இந்த மூணாவதுலதான், பெட்ரூம்ல தனியா ரெக்கார்ட் பண்ணாரு, காதல் முறிஞ்சு மூணு மாசம் யாரோடவும் பேசல, இப்படி. போன் ஐவர்ங்கிற இண்டி ப்ராஜெக்டோட முதல் ஆல்பம் வெளிய வந்தப்ப விஸ்கான்சின்ல குளிர்காலத்துல ஒரு கேபின்ல தனியா உக்காந்து பண்ணதுங்கிற கதை பாட்டுக்கு முன்னாடியே ஓடுச்சு. அந்த கதை உண்மைதான், ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற, இதே பாட்டை வசதியான ஸ்டூடியோவுல மத்தியான நேரத்துல பண்ணிருந்தா எனக்கு இவ்ளோ பிடிக்குமா? அந்த ஆல்பத்துக்கு என் பதில் ஆமா, குரலை அடுக்கடுக்கா வச்ச விதம் கதை இல்லாமலே நிக்குது. நிறைய ஆல்பத்துக்கு அந்த பதில் வரல.

ஒத்தை கிடார்ல பாடினா நிக்குதான்னு சோதிச்சு பாருன்னு பலர் சொல்லுவாங்க, பாதி நேரம் அது சரி, ஆனா சவுண்டையே பொருளா வச்சு பண்ற ட்ரோன், ஆம்பியண்ட், ஷூகேஸ்னு சொல்ற வகை ரெக்கார்டுகளுக்கு அந்த சோதனையை வைக்கிறது அநியாயம். அங்க கேக்க வேண்டியது, இந்த சவுண்டு எட்டு நிமிஷம் என்னை ஏன் உக்கார வச்சிருக்கு, எங்கயாவது மாறுதா, மாறலைன்னா மாறாததே ஒரு வேலை செய்யுதா.

ஹைப்னால கெட்டுப் போறது நம்ம நேரம் மட்டும் இல்ல, பல நேரம் அந்த பேண்டேதான். பிளாக் கிட்ஸ்னு ஒரு பேண்ட் 2007ல இலவசமா போட்ட நாலு பாட்டு டெமோவுக்கு பிட்ச்ஃபோர்க் 8.4 குடுத்துச்சு, மறு வருஷம் அவங்க முதல் முழு ஆல்பம் வந்தப்ப 3.3 குடுத்துட்டு ரிவ்யூ எழுத வேண்டிய இடத்துல நாய்ங்க படத்தையும் ஒரு சாரியையும் மட்டும் போட்டாங்க. அது எனக்கு இன்னும் வலிக்குது. சின்ன மேடைல ரெண்டு வருஷம் விழுந்து எழுந்து கத்துக்க வேண்டிய பசங்களை ஒரே சீசன்ல பெரிய மேடைக்கு தூக்கிட்டு, தடுமாறின உடனே கைய விட்டுட்டாங்க. அதனால ஓவர்ஹைப்னு சொல்றதுக்கு முன்னாடி யார் எதை மிகைப்படுத்தினாங்கன்னு சொல்ல முடியுதான்னு பாருங்க. அந்த வார்த்தை ரெக்கார்டைப் பத்தினது இல்ல, ரெக்கார்டைப் பத்தி பேசினவங்களைப் பத்தினது. "வருஷத்தோட சிறந்த வரிகள்னு சொன்னாங்க, எனக்கு அஞ்சாவது பாட்டுலயும் எட்டாவது பாட்டுலயும் ஒரே உவமை திரும்ப வருது"ன்னு சொன்னா அது கருத்து. ஹைப்பே இல்லாததும் எதையும் நிரூபிக்காது, பின்னாடி பெருசா கொண்டாடப்பட்ட வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பேண்டோட முதல் ஆல்பம் 1967ல அமெரிக்க தரவரிசையான பில்போர்ட்ல 171வது இடத்துக்கு மேல ஏறவே இல்ல.

இப்ப லைவ் ஷோ. மூணு பேண்ட் வாசிக்கிற ராத்திரின்னா முதல் பேண்டுல இருந்தே இருங்க, பெரிய பேரு வர்ற நேரம் பாத்து உள்ள நுழையாதீங்க, ஏன்னா உள்ளூர் சீன்ல, அதாவது நம்ம ஊர் பேண்டுங்களோட வட்டாரத்துல, புதுசா என்ன நடக்குதுன்னு தெரியுறது அந்த முதல் அரை மணி நேரத்துலதான். காதுக்கு ப்ளக் கண்டிப்பா வேணும். 85 டெசிபல்ல 8 மணி நேரம் வரைக்கும் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுறப்பவும் நேரம் பாதியாகும்னு அமெரிக்க வேலையிட பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லுது, அந்த கணக்குப்படி 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான், சின்ன ரூம்ல ட்ரம்ஸ் பக்கத்துல நின்னா 100 சாதாரணமா வந்துடும். நுரை ப்ளக் மேல் ஸ்தாயியை அதிகமா வெட்டிடும், பாட்டு மந்தமா கேக்கும், இசைக்காரங்களுக்குன்னு ஃபில்டர் வச்சு வர்ற ப்ளக் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமா குறைக்கும், அடிக்கடி போறவங்க அதை வாங்கிடுங்க.

எங்க நிக்கணும்னா, மிக்ஸர் டெஸ்க் பக்கத்துல. சவுண்டு என்ஜினியர் எதைக் கேட்டு மிக்ஸ் பண்றாரோ அதே உங்களுக்கும் கேக்கும். மூலைலயும் பின் சுவத்தோட ஒட்டியும் நிக்காதீங்க, பேஸ் அங்க குவிஞ்சு மத்ததை மூடிடும். மேடைக்கு ஒட்டி நின்னா ஆம்ப்பும் ட்ரம்ஸும் கேக்கும், குரல் உங்க தலைக்கு மேல தாண்டிப் போயிடும். ரெண்டு பாட்டுக்கு முன்னாடி போய் முகங்களைப் பாருங்க, மிச்சத்தை டெஸ்க் பக்கத்துல இருந்து கேளுங்க.

இதுல நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புறது, பேண்ட் மேல வர்ற பாதி குறை ரூமோட குறை. குரலே கேக்கல, பாடத் தெரியலன்னு சொல்லிடுவோம். சின்ன ஹால்ல ட்ரம்ஸ் மைக்கே இல்லாம முழு சத்தத்துல இருக்கும், அதுக்கு ஈடா கிடார் ஆம்ப்பை ஏத்துவாங்க, குரலை அதுக்கு மேல தூக்கினா மைக் கீச்சுன்னு ஃபீட்பேக் அடிக்கும், அதனால குரல் உள்ள போயிடும். ஷோவுக்கு முன்னாடி சத்தத்தை சரி பாக்குற சவுண்ட் செக் பொதுவா கடைசில வாசிக்கிற பேண்டுக்குத்தான் முதல்ல நடக்கும், முதல் பேண்டுக்கு நேரம் மிஞ்சினா உண்டு, இல்லைன்னா எல்லா மைக்கும் வேலை செய்யுதான்னு பாத்துட்டு ஆரம்பிச்சிட வேண்டியதுதான், அவங்களோட முதல் ரெண்டு பாட்டுதான் சவுண்ட் செக்கே. அதை வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. நான் ஒரு பேண்டை முதல் தடவ பாத்துட்டு பாடுறவங்களுக்கு சுருதியே நிக்கலன்னு எழுதினேன், அடுத்த தடவ வேற ஹால்ல பாத்தப்ப கொஞ்சம் பரவால்ல, மூணாவது தடவ நல்ல மானிட்டர் (வாசிக்கிறவங்க பக்கம் திருப்பி வச்ச ஸ்பீக்கர்) இருந்த மேடைல அவங்க குரல் முழுசா கேட்டப்ப அப்படியே நின்னுட்டேன், அதுவரைக்கும் அவங்களுக்கு அவங்க குரலே மேடைல கேட்டிருக்காது. எழுதினதை திருத்தி அதே இடத்துல திரும்ப எழுதினேன். அன்னைல இருந்து மூணு தடவ பாக்காம எந்த உள்ளூர் பேண்டைப் பத்தியும் குறை எழுதுறதில்ல.

அப்ப பேண்டோடதுன்னு எதைப் பாக்கணும்? ட்ரம்ஸும் பேஸும் ஒண்ணா நடக்குதா, ஸ்பீடு பாட்டு நடுவுல ஓடிப்போகுதா. கம்பி அறுந்தா, கேபிள் போனா மிச்ச மூணு பேர் என்ன பண்றாங்க, இதுல நிறைய தெரியும். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்களா. ஒரே மாதிரி பாட்டு மூணு வரிசையா வருதா, செட்டை எப்படி அடுக்கிருக்காங்க. யாராவது வாசிக்காம விட்டுக் குடுக்குறாங்களா, சின்ன பேண்டுங்க எல்லாரும் எல்லா நேரமும் வாசிச்சுட்டே இருப்பாங்க, நிறுத்தத் தெரிஞ்ச பேண்ட் கிடைச்சா விடாதீங்க. கைத்தட்டலை வச்சு அளக்காதீங்க, முன் வரிசைல பாதி அவங்க ஃப்ரெண்ட்ஸ். அதுக்கு பதிலா, தன்னோட ஃப்ரெண்ட் வாசிச்சு முடிச்சப்புறமும் அடுத்த பேண்டுக்கு எத்தனை பேர் நிக்குறாங்கன்னு எண்ணுங்க, சீன் உயிரோட இருக்கா இல்லையான்னு அந்த எண்ணிக்கை சொல்லிடும்.

"நம்ம ஊர்ல சீனே இல்ல"ன்னு சொல்ற பழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம். 1976 ஜூன் 4 மான்செஸ்டர்ல செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கிற பங்க் பேண்ட் வாசிச்ச ஷோவுக்கு வந்தது சுமார் 40 பேர்னுதான் சொல்றாங்க, ஆனா அந்த கூட்டத்துல இருந்த சிலர்தான் பின்னாடி ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ் மாதிரி பேர் வாங்கின பேண்டுங்கள்ல இருந்தாங்க. நியூயார்க்ல சிபிஜிபிங்கிற கிளப்பை 1973ல திறந்த ஹில்லி கிறிஸ்டல் அங்க வாசிக்கிற பேண்டுங்களுக்கு வச்ச முக்கியமான நிபந்தனை சொந்தப் பாட்டு வாசிக்கணும்ங்கிறது. அதனால தலையை எண்ணாதீங்க, இதைக் கேளுங்க: சொந்தப் பாட்டு வாசிக்க விடுற ஒரு ரூமாவது இருக்கா, அங்க பேண்டை யார் தேர்வு பண்றாங்க, பள்ளிக்கூட பசங்க உள்ள வர முடியுதா, கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடியுதா. ஃபுகாஸி பேண்ட் வயசு வரம்பு வைக்காத ஷோலதான் வாசிப்போம்னு கறாரா நின்னதுக்கு காரணம் இருக்கு, அடுத்த பேண்ட் ஆரம்பிக்கப் போறது அந்த பதினஞ்சு வயசு பசங்கதான்.

எழுதுறப்ப தேதி, ஹால், எத்தனாவது தடவ பாக்குறீங்க, ஆல்பம்னா எதுல கேட்டீங்க, எத்தனை தடவ கேட்டீங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க. செம, வேற லெவல், மொக்கை இதெல்லாம் எழுதின இடத்துல நிறுத்தி எந்த பாட்டுல எந்த இடம்னு மாத்துங்க. அந்த பேண்டுல உங்களுக்கு தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தா அதையும் சொல்லிடுங்க, உள்ளூர்ல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க, மறைச்சா யாரும் நம்ப மாட்டாங்க. குறை சொல்றதுன்னா மேடைல இருந்து இறங்குன உடனே வேர்வையோட நிக்குறவங்ககிட்ட போய் சொல்ல வேண்டாம், ஒரு நாள் கழிச்சு சொல்லுங்க. பிடிச்சிருந்தா மட்டும் அங்கயே சொல்லிடுங்க, மேசைல வச்சிருக்கிற டேப்போ டிஷர்ட்டோ வாங்குங்க. ஆன்லைன்ல வாங்குறதுன்னா, பேண்டுங்க நேரா பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் ஆல்பத்துல எடுத்துக்கிறது 15 சதவீதம்தான். ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து 12 மாசத்துல 1,000 தடவ ஓடாத பாட்டுக்கு ராயல்டியே கணக்கு வைக்கிறதில்ல, உள்ளூர் பேண்டோட பாதிப் பாட்டு அந்த கோட்டுக்கு கீழதான் கிடக்கும்.

கடைசியா ஒண்ணு செஞ்சு பாருங்க. உள்ளூர் ஷோ முடிஞ்சு வந்த மறுநாள் காலைல, அந்த ஹைப் ஏறின ஆல்பத்தை திரும்ப போடுங்க. ட்ரம்ஸும் பேஸும் எங்க சேருது, யார் எங்க நிறுத்துறாங்க, பாடுறவர் மூச்சு எங்க வாங்குறாருன்னு காது தானா தேட ஆரம்பிக்கும். நான் மூணு மாசம் வெறுத்த ஒரு ரெக்கார்டு அப்படி ஒரு காலைலதான் நாலாவது பாட்டுல எனக்குள்ள நுழைஞ்சுச்சு. மிச்ச ஒன்பது பாட்டும் இன்னும் பிடிக்கல.