கெய்கர் குழாயைக் கழற்றிய பிறகும் எண்ணிக்கை ஓடியது

பலூனில் 30 கி.மீ. உயரத்துக்கு அனுப்ப ஒரு காஸ்மிக் கதிர் எண்ணி செய்துகொண்டிருந்தோம். மேசையில் எல்லாம் சரியாகவே ஓடியது. வெற்றிட அறையில் வைத்துக் காற்றை உறிஞ்ச ஆரம்பித்ததும், தரையிலேயே இருக்கும் கருவியில் எண்ணிக்கை தாறுமாறாக ஏறியது. உண்மையான கதிர் என்றால் அழுத்தம் குறைவதற்காக இப்படி ஏறக் காரணமே இல்லை.

முதல் சந்தேகம் கதிரை உணரும் கெய்கர் குழாய் மீதுதான். அதைக் கழற்றிவிட்டு, அதற்குக் கொடுக்கும் 400 வோல்ட்டை மட்டும் விட்டுப் பார்த்தேன், எண்ணிக்கை நிற்கவில்லை! விளக்கை அணைத்துப் பார்த்தபோது இணைப்பி முனையருகே மங்கலான ஊதா ஒளி.

காரணம் பாஷென் விதி: ஒரு வாயு வழியே மின்சாரம் கசியத் தேவையான வோல்ட், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. காற்றில் மின்கசிவு தொடங்கக் குறைந்தபட்சம் சுமார் 330 வோல்ட் போதும், அந்த உயரத்தின் அழுத்தமான சுமார் 12 ஹெக்டோபாஸ்கலில் அதற்கு ஏற்ற இடைவெளி ஒரு மி.மீ.க்கும் குறைவு, அதாவது நம் பலகையில் பற்றவைத்த கால்களுக்கு இடையே இருக்கும் அதே தூரம். தரையில் எத்தனை நாள் ஓட்டினாலும் இது தெரியாது.

சரி செய்தது இப்படி: பற்றவைக்கும்போது ஒட்டிய ஃபிளக்ஸ் பசையின் மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, கூரான ஈய முனைகளை உருட்டிவிட்டு, உயர் மின்னழுத்தப் பகுதி முழுவதையும் சிலிக்கோனில் மூடினேன். வினிகர் வாடை வரும் சிலிக்கோன் வேண்டாம், செம்பை அரிக்கும். அப்புறம் முக்கியமானது, ஊற்றுவதற்கு முன் அதை வெற்றிடத்தில் வைத்துக் குமிழிகளை வெளியேற்றிவிடுங்கள், உள்ளே குமிழி சிக்கினால் கசிவு அதற்குள்ளேயே தொடங்கும்.

மறுபடி அறையில் வைத்தேன். 10 ஹெக்டோபாஸ்கல் வரை இறக்கியும் எண்ணிக்கை தரையளவிலேயே நின்றது.