கர்ப்பப்பையை எடுத்த பிறகு இறங்குவது எது?

புதிதாக லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பழகும் டாக்டர்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது என் பழைய தவறுகளே கண்முன் வருகின்றன. ரத்தப்போக்கு, கிருமித்தொற்று எல்லாம் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பையை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

கம்பத்தில் விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மா அவர். கர்ப்பப்பை இறக்கத்துக்காக (பை கீழே யோனிப் பக்கம் இறங்கிவிடுவது) நான்தான் லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையை எடுத்தேன். சின்னத் தழும்பு, மூன்றாம் நாள் வீடு. இரண்டு வருடம் கழித்து வந்து கேட்டார்: “பையத்தான் எடுத்தாச்சே டாக்டரம்மா, இப்ப இறங்குறது என்ன?”

இறங்கியது யோனியின் மேல்முனை. பை கெட்டுப்போய் இறங்குவதில்லை. அதைத் தாங்கும் கட்டு தளர்ந்துதான் இறங்குகிறது. கர்ப்பப்பை வாயையும் யோனியின் மேல்முனையையும் திருவெலும்போடு (முதுகெலும்பின் அடியில் இருப்பது) இழுத்துப் பிடித்திருப்பது யூட்டிரோசேக்ரல் லிகமென்ட். பையோடு சேர்த்து அந்தப் பிடியையும் அறுத்துவிட்டு, வெறுமனே தைத்து மூடினால் மேல்முனைக்குப் பிடிமானம் ஏது? யோனி வழி ஆபரேஷனுக்கு, மேல்முனையை அந்த லிகமென்ட்டோடு சேர்த்துப் பிடிக்கும் தையலை மெக்கால் என்ற டாக்டர் 1957இலேயே சொல்லிவிட்டார். இன்றும் “நேரமாயிடுச்சு மேடம்” என்று அதைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த அம்மாவுக்கு மறுபடி மயக்கம் கொடுத்து, மெஷ் (வலை) வைத்து மேல்முனையைத் திருவெலும்போடு கட்ட வேண்டியதாயிற்று.

அறுக்கும் முன்பே பையை மேலே தள்ளிப் பிடியுங்கள். லிகமென்ட் கயிறு மாதிரி விறைத்து நிற்கும். அப்போதே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பை வெளியே வந்த பிறகு துவண்டு கிடப்பதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர்க்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது, கர்ப்பப்பை வாயருகே மிக நெருக்கம். தையல் முடிந்ததும் சிஸ்டோஸ்கோப்பியில் (சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) இரண்டு பக்கமும் சிறுநீர் பீறிட்டு வருவதைப் பார்க்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

காலையில், படுக்க வைத்து மட்டும் பார்ப்பது

ராத்திரி படுத்து எழுந்து வந்தவருக்கு இறக்கம் குறைவாகத் தெரியும். முக்கச் சொல்லுங்கள், நிற்க வைத்தும் பாருங்கள். சந்தேகமா? சாயங்காலம் வேலை முடிந்து வரச் சொல்லுங்கள்.

பெஸரி (யோனிக்குள் வைத்து இறக்கத்தைத் தாங்கும் சாதனம்) என்று ஒன்று இருப்பதையே சொல்லாதது

சொல்லுங்கள்.

“கனம் தூக்காதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவது

கனம் என்றால் எது? தண்ணீர்க் குடமா, விறகா, ஏலக்காய் மூட்டையா? ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மறுபடி கனம் தூக்கக் குறைந்தது ஆறு வாரம் ஆகும் என்பதை வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்த அம்மா பதினெட்டாம் நாளே ஜீப் ஏறியிருக்கிறார். கூலி போகுமே என்ற கவலை. நான் அதைக் கேட்கவே இல்லை.