வளர்ப்பு எலிகளைக் கவனிக்கக் கற்றுக்கொள்வது எப்படி: ஒரு நோட்டு, ஒரு டைமர், தினமும் 20 நிமிடம்

என்னிடம் இரண்டு பெண் எலிகள், கறுப்பியும் புள்ளியும். புள்ளியின் தீனியைக் கறுப்பி எப்போதும் பிடுங்கித் தின்றுவிடுகிறாள் என்று பல வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பிடுங்க வருவது கறுப்பிதான், ஆனால் பெரும்பாலான தடவை தீனி புள்ளியிடமே இருந்துவிடுகிறது. கறுப்பி ஜெயித்த தடவைகள் மட்டும் என் மனதில் தங்கியிருக்கின்றன. நான் எழுதிப் பார்த்த முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நேரமும் நாற்காலியும்

எலிகள் பகலில் தூங்கி, பொழுது சாய்ந்தபின் நடமாடுபவை. அதனால் மாலையில் ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். தினமும் அதே நேரம், அதே நாற்காலி. கூண்டுக்குள் கை விட வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். முதல் மூன்று நாள் எழுதவும் வேண்டாம், சும்மா உட்காருங்கள். நீங்கள் அங்கே இருப்பது அவற்றுக்குப் பழகிப்போக வேண்டும். விளக்கை அணைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் மங்கலான சிவப்பு பல்பு வையுங்கள். எலிகளின் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் மிகக் குறைவாகவே தெரியும்.

படி 2: சொல்பட்டியல்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான் என்பது என் கருத்து. உங்கள் எலிகள் செய்யும் அசைவுகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும்: தூக்கம், நடை, ஓட்டம், பின்காலில் எழுந்து நிற்றல், மோப்பம், தின்னல், தீனியைத் தூக்கிச் செல்லல், தன்னை நக்கிச் சுத்தம் செய்தல், இன்னொன்றை நக்கல், மல்லுக்கட்டல், அசையாமல் நிற்றல். பயப்படுகிறது, கோபப்படுகிறது, பாசமாக இருக்கிறது என்ற சொற்களை இதில் சேர்க்காதீர்கள். உடம்பு என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? மடியில் படுத்திருக்கும் எலி பற்களை நறநறவென்று அரைப்பதைக் கேட்டிருப்பீர்கள். சில சமயம் கண்விழிகூட வெளியே துள்ளித் துள்ளி வரும். தாடையை அசைக்கும் தசை கண்ணுக்குப் பின்னால் செல்வதால் வரும் துடிப்பு அது. நிம்மதியாக இருக்கும்போதுதான் இதை அதிகம் பார்க்கலாம். ஆனால் வலியிலும் பதற்றத்திலும்கூட எலி பல்லை அரைக்கும். ‘சந்தோஷம்’ என்று எழுதிவிட்டால் அந்த இரண்டாவது வகை உங்கள் நோட்டில் எங்குமே இருக்காது. ‘பல் அரைத்தல், மடியில், உடம்பு தளர்ந்து’ என்று எழுதினால் பின்னால் பிரித்துப் பார்க்கலாம்.

மல்லுக்கட்டும் அப்படித்தான். விளையாட்டென்றால் மூக்கு மற்றதன் பிடரியை நோக்கிப் போகும். ஒன்று மல்லாந்து விழும், மற்றது மேலே ஏறி நிற்கும், அப்புறம் இடம் மாறும். நிஜச் சண்டையில் முடி சிலிர்த்திருக்கும், முதுகை வளைத்துப் பக்கவாட்டில் நகரும், கடி பின்பக்கத்தையும் விலாவையும் தேடிப் போகும். ஆகவே ‘சண்டை’ என்று எழுதாமல், மூக்கு எங்கே போனது, முடி எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். எலிகள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அவை விளையாடும்போது எழுப்பும் ஒலி 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், பயத்தில் எழுப்புவது 22 அளவில். காரணமே இல்லாமல் இரண்டும் ஒரே நொடியில் உறைந்து நின்றால், நாம் கேட்காத ஏதோ ஒன்றை அவை கேட்டிருக்கலாம்.

படி 3: எண்ணுங்கள்

டைமரை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்க வையுங்கள். சத்தம் வேண்டாம், அதிர்வு போதும். அதிரும் கணத்தில் ஒவ்வொரு எலியும் என்ன செய்கிறதோ அந்த ஒரு சொல்லை எழுதுங்கள்.

7:10 – கறுப்பி தூக்கம், புள்ளி நடை
7:11 – கறுப்பி தூக்கம், புள்ளி தின்னல்
7:12 – கறுப்பி எழுந்து நிற்றல், புள்ளி தின்னல்

நடுவில் எவ்வளவு வேடிக்கை நடந்தாலும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், பக்கத்து ஓரத்தில் தனியாகக் குறியுங்கள். கண் எப்போதும் துள்ளலையும் சண்டையையும்தான் தேடிப் போகும். நான் கறுப்பியைத் தப்பாக நினைத்தது அதனால்தான். குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் கவனிப்பு முறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்த முறையில் மாதிரி எடுத்தால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று அதில் வகை பிரித்திருக்கிறார். நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவது அந்த வகைகளில் ஒன்று.

படி 4: படம் வரையுங்கள்

எலிகளை வெளியே விடும் இடத்தைக் காகிதத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, ஒரு எலி போகும் வழியைப் பென்சிலால் தொடருங்கள். புது இடமென்றால் அது சுவரை ஒட்டியே போகும். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலைக்கு மட்டும் திரும்பத் திரும்ப வரும். அங்கேதான் அதிக நேரம் நிற்கும், நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். எய்லாம், கோலானி என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் இதைத் ‘தாய்வீடு’ போன்ற ஓர் இடமாக விவரித்தார்கள். போகும்போது நின்று நின்று போகும் எலி, திரும்பும்போது ஒரே ஓட்டமாக வந்துவிடும். இதை முதன்முதலில் என் பென்சில் கோட்டில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

படி 5: எதற்குப் பின் எது

இப்போது அம்புக்குறி போடுங்கள். எளிதான பாடம், எலி தன்னைச் சுத்தம் செய்வது. முதலில் மூக்கருகே முன்கால்களால் சின்னச் சின்ன வட்டங்கள், பிறகு முகத்தில் கொஞ்சம் பெரிய வீச்சு, பிறகு காதுக்குப் பின்னாலிருந்து இரு கையும் சேர்ந்து இழுத்தல், கடைசியில் உடம்பைத் திருப்பி விலாவை நக்கல். வரிசை பெரும்பாலும் இதே. செல்போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். வரிசை நடுவில் முறிந்தால், என்ன முறித்தது என்று தேடுங்கள்.

தீனிப் பிரச்சினை எனக்கு இங்கேதான் அவிழ்ந்தது. கறுப்பி நெருங்குவாள் → புள்ளி தீனியை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பைத் திருப்பி விலகுவாள் → கறுப்பியின் மூக்கு புள்ளியின் முதுகில் முட்டும். அவ்வளவுதான், ஒரு நொடி வேலை.

படி 6: நாட்களை அடுக்குங்கள்

பெண் எலி வளர்ப்பவர்கள் குறைந்தது மூன்று வாரம் எழுத வேண்டும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மாலையில் ‘ஓட்டம்’ திடீரென்று கூடும், குதித்து ஓடிச் சட்டென்று நிற்கும், காதுகள் படபடவென்று துடிக்கும், முதுகைத் தொட்டால் வளைத்துக் கொடுக்கும். நோய் என்று பயந்துவிடாதீர்கள், அது சினைப்பருவச் சுழற்சி.

படி 7: ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

ஒரு ஒழுங்கு தெரிகிறது என்று தோன்றினால் சோதியுங்கள். தொங்கும் படுக்கையை இடம் மாற்றலாம், தீனியின் அளவை மாற்றலாம். என்ன நடக்கும் என்று முன்பே எழுதிவையுங்கள். ஒரு வாரம் பழையபடி, ஒரு வாரம் மாற்றி, மறுபடி ஒரு வாரம் பழையபடி. பட்டினி போடுவதும், கூட்டாளியைப் பிரிப்பதும் வேண்டவே வேண்டாம், எந்தக் கேள்வியும் அதற்குத் தகுதியானதில்லை. எழுதும்போது நடமாட்டம் குறைந்து, கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாகக் கசிவு தெரிந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். தேதியோடு எழுதியது அவருக்குப் பெரிய உதவி.

என் கேள்வி இது: தின்ன நேரம் எடுக்கும் தீனிக்குத்தான் புள்ளி விலகுகிறாளா? ஒரு வாரம் பெரிய துண்டுகளுக்குப் பதில், வாயில் போட்டதும் முடிந்துவிடும் பொடித் துண்டுகளாகக் கொடுத்தேன். கறுப்பி வழக்கம்போல் நெருங்கினாள். புள்ளி திரும்பவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே தின்று முடித்துவிட்டு, கறுப்பி தன் வாயை மோந்து பார்க்க விட்டுவிட்டாள். அடுத்த வாரம் பெரிய துண்டு வந்ததும் இடுப்பு மறுபடி திரும்பியது.