பழைய ஸ்பீக்கர் ஜோடியைச் சரிசெய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீட்டுப் பரணிலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் குடோனிலும் நல்ல பழைய ஸ்பீக்கர் ஜோடிகள் இன்னும் கிடக்கின்றன, எண்பதுகளில் வாங்கிய பிலிப்ஸ், சோனோடைன், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜேபிஎல் என்று. வயது கெடுத்ததைவிட அவசர ரிப்பேர் கெடுத்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். பழுது எங்கே என்று தெரிவதற்கு முன்பே ஒன்றை மாற்றிவிடுகிறோம், கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கியும் போட்டுவிடுகிறோம், அப்புறம் அந்தப் பெட்டியின் பழைய குரல் திரும்பி வருவதே இல்லை.

ஒரு பக்கம் சத்தம் வரவில்லையா? உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரை (ஆம்ப்) அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போடுங்கள். அப்போதும் அதே பெட்டி ஊமையாக இருந்தால் கோளாறு பெட்டியிலோ அதன் வயரிலோ இருக்கிறது. மறு பெட்டி ஊமையாகிவிட்டால் ஆம்ப் பக்கம் பாருங்கள். ஆம்பும் பழசு என்றால், ஸ்பீக்கரை மாட்டும் முன்பே அவுட்புட்டில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்துவிடுங்கள். சில பத்து மில்லிவோல்ட் வந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் மாட்டவே கூடாது, வூஃபரின் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகிவிடும்.

மீட்டரைத் தவறாகப் படிப்பது அடுத்த தவறு. 8 ஓம் என்று எழுதியிருக்கிறது, மீட்டர் 6 தான் காட்டுகிறது, காயில் போச்சு என்று நல்ல வூஃபரை ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மீட்டர் அளப்பது டிசி மின்தடையை மட்டும்தான். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 5.5 முதல் 7 வரைதான் வரும், 4 ஓமில் 3 முதல் 3.5. பெட்டியின் பின் டெர்மினலில் அளந்தால், உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் நிலை தெரியாது, இடையில் இருக்கும் கண்டென்சர் தடுத்துவிடும். கழற்றித் தனியாக அளக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாத வூஃபரில்கூட, கோனிலிருந்து (முன்னால் அசையும் கூம்பு) டெர்மினலுக்கு வரும் பின்னல் வயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுந்தது அங்கே என்றால் ஒரு சால்டரிங்கில் முடிந்துவிடும் வேலை அது.

கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பில்தான் பெரிய சேதம் நடக்கிறது. அந்தப் பாலியூரிதேன் ஃபோம், பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும், காற்றின் ஈரத்திலும் வெப்பத்திலும் 15, 20 வருடத்தில் உதிர்ந்துவிடும். கிழிசலுக்கு ஃபெவிக்விக் வைக்காதீர்கள், அது காய்ந்து கண்ணாடிபோல் விறைத்து, கோன் அசையும் இடத்திலேயே மறுபடி உடையும். சிலிகான் பூசுவதும் வேண்டாம், எடை கூடி பேஸ் மாறிவிடும். புது ஃபோம் வாங்கும்போது “8 இஞ்ச்” என்று மட்டும் கேட்டால் போதாது; கோனின் விட்டம், ஃபிரேமில் ஒட்டும் இடத்தின் விட்டம், வளைவின் அகலம் மூன்றையும் அளந்து கொண்டுபோக வேண்டும். பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, அவசரப்படாமல் சுரண்டி எடுங்கள். ஒட்டும்போது கோனின் பின்னால் இருக்கும் காயில் காந்த இடுக்கின் நடுவில் நிற்க வேண்டும், இதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஃபோமை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் ஃபிரேமில் மெதுவாகக் காயும் பசையை வைத்து, போனிலிருந்து 20, 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப் வழியாக மிகக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, உரசல் கேட்காத இடத்தில் நிறுத்துங்கள். காய்ந்த பிறகு இரு கையாலும் கோனைச் சமமாக அழுத்திப் பாருங்கள், கர கர என்றால் மறுபடி பிரிக்க வேண்டும், வேறு வழியில்லை. துணி விளிம்பு இருக்கும் பழைய ஸ்பீக்கரில் இந்த வேலையே வேண்டாம், துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டில் வயதாவது எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்தான், அதிலிருக்கும் காயில்களைத் தொடத் தேவையில்லை. கடையில் சாதாரண கண்டென்சரைக் கொடுத்தால் வாங்காதீர்கள், ப்ளஸ் மைனஸ் இல்லாத நான்-போலார் வேண்டும். கிடைக்கவே இல்லை என்றால் 10 மைக்ரோஃபாரட் சாதாரண கண்டென்சர் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 5 மைக்ரோஃபாரட் நான்-போலார் ஆகிவிடும். எலக்ட்ரோலிடிக்குக்குப் பதில் ஃபிலிம் வகை கண்டென்சர் போட்டால் ட்வீட்டர் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கலாம், அரை ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் அடங்கும். ஒரு பெட்டியில் மாற்றினால் இன்னொன்றிலும் மாற்றுங்கள், இல்லையென்றால் பாடகர் குரல் நடுவில் நிற்காது.

அளவு பொருந்துகிறது என்று வேறு வூஃபரை மாட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பெட்டியின் கொள்ளளவும் கிராஸ்ஓவரும் அந்தக் குறிப்பிட்ட வூஃபருக்காகக் கணக்கிடப்பட்டவை, அதனால் மாற்று தேடுவதற்கு முன் பழையதையே ரீகோன் (புதுக் கோனும் காயிலும் போடுவது) செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.

வயரைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில வடிவமைப்பில் ட்வீட்டர் வேண்டுமென்றே ப்ளஸ் மைனஸ் மாற்றி இணைக்கப்பட்டிருக்கும். வூஃபரை ஒரு 1.5 வோல்ட் பேட்டரியால் தொட்டால், ப்ளஸ் சரியாக இருந்தால் கோன் வெளியே வரும். பழைய ஜேபிஎல்லில் இது எதிர்மாறு. ட்வீட்டரில் பேட்டரி வைக்காதீர்கள்.

பெட்டியில் கரையான் மருந்து அடிப்பதானால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடியுங்கள். வெல்டிங் பட்டறை மேசையில் வூஃபரைத் திறந்து வைக்காதீர்கள், இரும்புத்தூள் காந்த இடுக்கில் போனால் எடுப்பது பெரும்பாடு. உதிரிபாகத்துக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு போவதானால் ஃபோம் அளவுகளையும் கண்டென்சர் மதிப்புகளையும் எழுதிக்கொண்டு போனாலே போதும். வூஃபரையே பஸ்ஸில் எடுத்துப்போக நேர்ந்தால், கோன்மேல் எதுவும் படாமல் முகத்துக்குக் கெட்டி அட்டை கட்டி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.