வேலை போன பிறகு, சுகரும் ஸ்டென்ட்டும் இருப்பவருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். போன தீபாவளி கழிந்த வாரம் ஆள்குறைப்புப் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. வயது 49. சுகர் எட்டு வருஷமாக இருக்கிறது. பிரஷர் மாத்திரை உண்டு. 2021-இல் இதய ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தோம். அந்தச் செலவு முழுவதையும் கம்பெனி ஊழியர்களுக்குச் சேர்த்து எடுத்திருந்த குரூப் பாலிசிதான் கட்டியது. சம்பளம் நிற்கப்போகிறது என்பதைவிட இந்தப் பாலிசி போகப்போகிறதே என்றுதான் எனக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது.

ஹெச்.ஆரில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: "கடைசி வேலைநாளோட கவரேஜ் முடிஞ்சிடும் மேடம்." எங்களுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இந்த நாட்களை வீணாக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. வேலை போனபின் புதிதாகப் பாலிசி தேடுவது ஒரு வழி. இருக்கிற குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறுவது இன்னொரு வழி. இந்த இரண்டாவதற்கு மைக்ரேஷன் என்று பெயர். நிறைய ஹெச்.ஆர்.களுக்கே இது தெரியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொடுத்திருக்கும் வசதி இது.

மாறினால் என்ன லாபம்? ஏற்கெனவே உள்ள நோய்க்குப் புதுப் பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு அது நான்கு வருஷம் வரை இருந்தது. 2024 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் 36 மாதம். அதுவரை இதயத்துக்காகப் படுத்தால் ஒரு ரூபாய் வராது. மைக்ரேஷனில் போனால், குரூப் பாலிசியில் கழித்த வருஷங்கள் அந்தக் காத்திருப்பில் கழிந்துவிடும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குத்தான். எங்களுக்குக் கம்பெனியில் 3 லட்சம் இருந்தது. இப்போது 5 லட்சத்துக்கு எடுத்திருக்கிறோம். முதல் 3 லட்சத்துக்கு அவர் இதயமும் சுகரும் முதல் நாளிலிருந்தே கவர். கூடுதல் 2 லட்சத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஹெச்.ஆரிடம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள். குரூப் பாலிசி எண், இன்சூரன்ஸ் கம்பெனி பெயர், உங்கள் குடும்பம் எந்தத் தேதியிலிருந்து கவரில் இருக்கிறது, எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் முடிகிறது, வாங்கிய கிளெய்ம்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலையை விட்டு வெளியே வந்தபின் இந்தக் கடிதம் வாங்க நாயாய் அலைய வேண்டியிருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் நான்கு மாதம் அலைந்தார்.

கடிதத்தோடு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் கேட்டதுமே, "அப்படியெல்லாம் மாத்த முடியாது மேடம், புதுசாப் போடுங்க" என்றான். நான் சண்டை போடவில்லை. மைக்ரேஷன் கேட்டு ஒரு விண்ணப்பக் கடிதத்தை வீட்டிலேயே இரண்டு பிரதி எழுதி எடுத்துப்போயிருந்தேன். ஒன்றை நீட்டி, மற்றதில் தேதியோடு சீல் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். சீல் கேட்டதும்தான் உள்ளேயிருந்து மேனேஜர் எழுந்து வந்தார். அன்று மாலையே அதே விண்ணப்பக் கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயிலிலும் அனுப்பினேன். ஒன்பதாவது நாள் பதில் வந்தது. உடல்நிலையைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றினார்கள். மூன்று பேருக்கு வருஷம் 41,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் அந்த 18 சதவீதமாவது மிச்சம்.

எல்லோருக்கும் இப்படி ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். பிறகு புதுப் பாலிசிதான். நடுவிலேயே நானும் மூன்று இடத்தில் விசாரித்து வைத்தேன். ஒரு கம்பெனி ஸ்டென்ட் என்றதுமே கதவைச் சாத்தியது. இன்னொன்று, கூடுதல் பிரீமியம் கட்டினால் காத்திருப்பை ஒரு வருஷமாகக் குறைப்பதாகச் சொன்னது. ஒரு இடத்தில் மறுத்தால் எல்லா இடத்திலும் மறுப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

மனதில் இன்னும் உறுத்துவது ஒன்று. விசாரிக்கும்போது ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். சாப்பாட்டு மேஜையில் விண்ணப்பத்தை விரித்து, சுகர் உண்டா என்ற கேள்வியில் 'இல்லை' என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். "இத எழுதினா ரிஜெக்ட் ஆகும்க்கா. அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் கேக்க மாட்டாங்க." மாத்திரை டப்பா அதே மேஜையில் இருந்தது. பேனாவை வாங்கி மூடி வைத்தேன். 60 மாதம் தொடர்ந்து கட்டினால் 'மறைத்தாய்' என்று கிளெய்மை மறுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதுவும் அந்த ஐந்து வருஷத்துக்குள் நெஞ்சு வலித்தால்? ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே சுகர் எத்தனை வருஷமா இருக்கு என்பதுதான். பதில் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். விண்ணப்பத்தை உங்கள் கையால் நிரப்புங்கள். மாத்திரை பெயர், ஆரம்பித்த வருஷம், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சுகர் சராசரி) ரிப்போர்ட் எல்லாம் சேருங்கள். பாலிசி கைக்கு வந்ததும், சொன்ன நோயெல்லாம் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், பிரீமியம் தேடி அலையும் முன்பே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பதியுங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. பழைய நோய்க்கும் காத்திருப்பு இல்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், வேலை போன அன்றே அது முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். கட்டிய காலத்தைப் பொறுத்து சிகிச்சை உரிமை சில மாதம் நீளலாம், கிளை அலுவலகத்தில் கேளுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காத்திருப்புக் காலத்தில் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கிளெய்மை மறுத்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவு. சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

எங்கள் அடுப்படிக் காலண்டரில் புதுப்பிக்கும் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். அதற்கு 45 நாள் முன்னால் இன்னொரு வட்டம். வேறு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பாலிசியை மாற்ற, அதாவது போர்ட் பண்ண நினைத்தால், அந்தத் தேதிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.