ஃப்ரெஷ்ஷா, ஃப்ரோசனா: கருவை எந்த மாதம் வைப்பது?

ஐ.வி.எஃப்.-ல், அதாவது முட்டையை எடுத்து லேபில் கருவாக்கும் சிகிச்சையில், கருவை அதே மாதம் கர்ப்பப்பையில் வைத்தால் ஃப்ரெஷ்; உறைய வைத்து வேறொரு மாதம் வைத்தால் ஃப்ரோசன். டாக்டர் "எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணிடலாம்" என்றதும், உறைய வைத்தால் கரு கெட்டுவிடாதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இப்போதைய விட்ரிஃபிகேஷன் முறையில், உள்ளே பனிப்படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் கருவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்கிவிடுகிறார்கள். நல்ல லேபில் நூற்றுக்கு 95-க்கு மேல் உயிரோடு திரும்பும். ஆகவே யோசிக்க வேண்டியது, இந்த மாதம் கர்ப்பப்பை கருவை ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்பதைத்தான்.

அது பெரும்பாலும், முட்டையை எடுக்கும் முன் அதை முதிரவைக்கப் போடும் டிரிகர் ஊசி நாளன்றே தெரிந்துவிடும். அன்றைய ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் (கர்ப்பப்பையைக் கருவுக்குத் தயார்செய்யும் ஹார்மோன்) ஒரு மி.லி.-க்கு 1.5 நானோகிராமைத் தாண்டியிருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு கருவை முந்திக்கொண்டு முதிர்ந்துவிட்டது என்று பொருள். அந்த மாதம் வைப்பதில் பலன் குறைவு. சவ்வு 7 மி.மீ.-க்குக் கீழே இருந்தாலும், உள்ளே நீரோ பாலிப்போ (சிறு சதை வளர்ச்சி) தெரிந்தாலும் ஃப்ரீஸ்தான். முட்டைப்பைகள் இருபது, இருபத்தைந்து என்று வளர்ந்திருந்தால் ஓ.எச்.எஸ்.எஸ். (சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கி, வயிற்றில் நீர் சேர்வது) பயம் உண்டு. அந்த மாதமே கர்ப்பம் தரித்தால் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி.யே அதை இன்னும் மோசமாக்கும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறுவது, வயிறு உப்புவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தக் காரணம் எதுவும் இல்லாமல் "எங்கள் சென்டரில் எல்லோருக்கும் ஃப்ரோசன்தான்" என்றால், ஏன் என்று கேளுங்கள். பி.சி.ஓ.எஸ். (சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் நிறைய இருக்கும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களிடம் சீனாவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் குழந்தைப் பிறப்பு ஃப்ரோசனில் 49.3 சதவீதம், ஃப்ரெஷ்ஷில் 42. ஆனால் பி.சி.ஓ.எஸ். இல்லாதவர்களிடம் 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. முட்டை குறைவாகக் கிடைப்பவர்கள் போன்ற, வாய்ப்புக் குறைந்தவர்களிடம் 2025-ல் வந்த முடிவு தலைகீழ்: ஃப்ரெஷ் 40, ஃப்ரோசன் 32. மூன்று நான்கு முட்டைதான் கிடைத்தது, சவ்வும் நன்றாக இருக்கிறது என்றால் ஃப்ரெஷ்ஷே போகலாம் என்பது எங்கள் கருத்து. கருக்களில் மரபணுப் பரிசோதனை செய்வதானால் ரிசல்ட் வரும்வரை ஃப்ரீஸ் செய்தே ஆக வேண்டும்.

ஃப்ரோசனுக்குச் சவ்வைத் தயார்செய்ய இரண்டு வழி. மாதவிடாய் சரியாக வருபவர்களுக்கு இயற்கைச் சுழற்சி நல்லது: முட்டைப்பை 17–18 மி.மீ. வந்ததும் எச்.சி.ஜி. ஊசி, அதிலிருந்து ஏழாம் நாள் ஐந்து நாள் கருவை வைப்பார்கள். மற்றவர்களுக்கு மாத்திரைச் சுழற்சி: மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து சவ்வை வளர்க்கும் எஸ்ட்ராடயால், வழக்கமாக 2 மி.கி. மூன்று வேளை, பத்துப் பன்னிரண்டு நாளில் ஸ்கேன், சவ்வு மூன்று கோடாகத் தெரிந்தால் புரோஜெஸ்டிரோன் தொடங்கும்.

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஐந்து நாள் கருவுக்குப் புரோஜெஸ்டிரோன் ஐந்து முழு நாள் ஓடியிருக்க வேண்டும்: திங்கள் காலை தொடங்கினால் சனிக்கிழமை டிரான்ஸ்ஃபர் (கருவை வைப்பது). மூன்று நாள் கருவென்றால் வியாழன். ஊரிலிருந்து வர முடியவில்லை என்று டிரான்ஸ்ஃபரை மட்டும் ஒரு நாள் தள்ளினால் சவ்வும் கருவும் பொருந்தாமல் போகும். தொடங்கும் நாள், நேரம், டோஸ் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒரு வேளை தவறினால் உடனே போன் செய்து சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

டிரான்ஸ்ஃபர் அன்று ஓரளவு சிறுநீர் நிறைந்திருந்தால் ஸ்கேனில் கருவை வைக்கும் மெல்லிய குழாய் நன்றாகத் தெரியும். மயக்க ஊசி பெரும்பாலும் தேவையில்லை. முடிந்ததும் எழுந்து நடக்கலாம். பதினான்கு நாள் படுக்கை என்பதற்கு ஆதாரம் இல்லை.

வீட்டில் அவசரப்பட்டு டெஸ்ட் பார்ப்பவர்களுக்கு: ஃப்ரெஷ்ஷில் டிரிகர் ஊசியின் எச்.சி.ஜி. பத்து, பதினான்கு நாள் வரை உடம்பில் தங்கும்; இரண்டு கோடு பொய்யாகவும் வரலாம். மாத்திரைச் சுழற்சியில் அந்தக் குழப்பம் கிடையாது. எதுவானாலும் டாக்டர் சொன்ன தேதியில் எச்.சி.ஜி. அளவைப் பார்க்கும் பீட்டா ரத்தப் பரிசோதனைதான் கணக்கு.

பாசிட்டிவ் வந்ததும் மாத்திரைச் சுழற்சிக்காரர்கள் மருந்தைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. அந்த மாதம் முட்டை வெடிக்காததால் உடம்பு தானாகப் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை, பத்துப் பன்னிரண்டு வாரம், மருந்துதான் கர்ப்பத்தைத் தாங்குகிறது. இவர்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தம் சற்று அதிகம் வருவதால், செக்கப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பி.பி. பார்த்து அட்டையில் குறித்து வாங்குங்கள்.