டெல்டா நிலத்தைப் பிரித்தறிய ஒரு படம் போதாது: க்யூஜிஐஎஸ்ஸில் முதல் வரைபடம்

ஊராட்சி ஒன்றின் நிலப் பயன்பாட்டு வரைபடம் போட இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் போதும். ஆனால் காவிரி டெல்டாவில் ஒரே தேதிப் படத்தை நம்பாதீர்கள். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் இறால் குட்டையும் மேலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். அறுவடை முடிந்த தாளடி வயல் பொட்டலாகத் தெரியும். அதை நம்பி மனைப்பிரிவுக்கு இடம் குறித்தால் போவது விளைநிலம்.

1. படங்கள். ஐரோப்பாவின் கோபர்னிக்கஸ் செயற்கைக்கோள் தரவுத் தளத்தில் எல்2ஏ வகைப் படங்கள் (காற்றுமண்டலத்தின் பாதிப்பு நீக்கியவை) மூன்று இறக்குங்கள்: மே மாதம், செப்டம்பர் கடைசி (சம்பா நடவு), ஜனவரி முதல் வாரம். நவம்பரில் மேகம்தான் கிடைக்கும்.

2. எல்லை. ஊர் எல்லைக் கோப்பு பெரும்பாலும் 4326 என்ற (அட்சரேகை, தீர்க்கரேகை) ஆய அமைப்பில் இருக்கும். ‘ரீபுரொஜெக்ட்’ செய்து, மீட்டரில் அளக்கும் 32644-க்கு மாற்றி, படங்களை அதன்படி வெட்டுங்கள். ‘செட் சிஆர்எஸ்’ கொடுத்தால் பெயர்தான் மாறும். எல்லை வேறெங்கோ போய் விழும்.

3. கணக்கு. ராஸ்டர் கால்குலேட்டரில், ஒவ்வொரு தேதிக்கும் (பி3 பச்சை, பி4 சிவப்பு, பி8 அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பதியும் பட்டைகள்):

பசுமை = (பி8 − பி4) / (பி8 + பி4 − 2000)
நீர் = (பி3 − பி8) / (பி3 + பி8 − 2000)

அந்த 2000-ஐ விட்டுவிடாதீர்கள். 2022 ஜனவரி கடைசியிலிருந்து வரும் படங்களில் ஒவ்வொரு பட்டையிலும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. பி8 4000, பி4 1500 என்றால் சரியான பசுமை 0.71, கழிக்காவிட்டால் 0.45. செழித்த பயிர் நோஞ்சானாகத் தெரியும்.

4. பிரித்தல். பசுமை 0.5-க்கு மேல் பயிர், நீர் 0-க்கு மேல் தண்ணீர் என்று தொடங்கி, உங்கள் ஊருக்கு ஏற்பத் திருத்துங்கள். செப்டம்பரில் தண்ணீர், ஜனவரியில் பசுமை என்றால் நெல். மூன்றிலும் தண்ணீர் என்றால் குளம் அல்லது குட்டை. மூன்றிலும் பசுமை என்றால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அநேகமாகத் தென்னை. மேயில் மட்டும் பசுமை என்றால் போர் தண்ணீரில் விளைந்த கோடைப் பயிரோ பருத்தியோ இருக்கலாம். எதிலும் பசுமையோ தண்ணீரோ இல்லாததை மட்டுமே மனை, சாலை, தரிசு என்று வையுங்கள்.

5. பரப்பு. ஒரு கட்டம் 10 × 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். ஏக்கருக்குச் சுமார் 40 கட்டம். ஒரு மா நிலத்துக்கு (சுமார் 33 சென்ட்) பதின்மூன்று. 3 மீட்டர் வாய்க்கால் இதில் தெரியவே தெரியாது. வடிகால்களைக் கையால் கோடு போட்டுச் சேருங்கள். அவை விடுபட்ட வரைபடத்தை வைத்து மண்ணடித்தால் மேல்வயல்களில் மழைநீர் தேங்கும்.

கடைசியாக, வகைக்குப் பத்து இடமாவது தேர்ந்து, அந்தப் புல எண்களை அதே பசலியின் (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு) அடங்கலோடு, அதாவது கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேட்டோடு, ஒப்பிட்டு, நேரிலும் போய்ப் பாருங்கள்.